கடைமடையும் சிறுநீரகமும்

தஞ்சை நாட்டில் வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக் குடியானவர் முறையிடுவர். தலைமதகை அகலத் திறந்தாலோ, மேல்மடை மூழ்கும். கடைமடை காய்ந்தே கிடக்கும். உடலினும் இஃதுண்டு. சிறுநீரகத்திற்குச் செல்லும் தமனி சுருங்கின், அவ்வுறுப்பு உடலில் இரத்தங் குறைந்ததென மயங்கி ரெனின் என்னும் பொருளைச் சுரக்கும்; எங்கும் அழுத்தம் ஏறும். மேட்டூர் அணை திறக்கப்பெற்ற 1934-ஆம் ஆண்டிலேயே, கோல்ட்பிளாட் என்னும் அமெரிக்க அறிஞர் நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் நெருக்கி, அழுத்தம் ஏறுதலைக் கண்டு வெளியிட்டார்.

நம் உறவினனாகிய 22 வயது இளைஞனுக்கு அழுத்தம் 190/120 இருந்தது. மூன்று மருந்துகளுக்கும் அது தணியவில்லை. மனக்கவலையே காரணமென்றனர் பலர். அவனையே நம்பியிருந்த தாயின் கண்ணீரை யாம் கண்டோம். தஞ்சை மருத்துவர் ஒருவர் மட்டும் அவன் வயிற்றின்மீது குழல் வைத்துக் கேட்டார். குறுகிய மடையிற் பாயும் நீரன்ன ஓசை எழுந்தது. ஒலியலைப் படத்தில் ஒரு சிறுநீரகம் சிறுத்திருந்தது, சி.டி. ஆஞ்சியோகிராம் தமனியின் சுருக்கத்தைக் காட்டிற்று. நம் நாட்டு இளையோரிடம் இதற்குப் பெரிதும் காரணமாகும் தக்கயாசு என்னும் தமனியழற்சியே அவனையும் பற்றியிருந்தது. அழற்சியைத் தணித்துப் பலூனால் தமனியை விரித்தபின் அழுத்தம் இறங்கிற்று.

மாணவ நண்பர்காள்! இளமையில் ஏறிய அழுத்தத்தை மாத்திரையால் அடக்குவதோடு அமையாதீர். வாய்க்கால் எங்கே தூர்ந்ததெனத் தேடுமின்.