வால்வு ஆம்ப்ளிபையர் செய்யப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு சால்டரிங் அயர்னை எடுங்க



பழைய வால்வு ஆம்ப்ளிபையரை வீட்டிலேயே செய்ய ஆசைப்படும் தம்பிகள் சிலர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். டியூட்டி இல்லாத நாட்களில் நானும் ஒன்று செய்து வைத்திருப்பதுதான் காரணம்.

தாராளமாகச் செய்யுங்கள். அருமையான பொழுதுபோக்கு.

ஆனால் அரசு மருத்துவமனையில் ஷாக் அடித்து வருபவர்களைப் பார்க்கும் மருத்துவனாக, சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், வால்வு என்றால் என்ன?

காற்றை வெளியேற்றிய ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கேத்தோடு. அதைச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே இருக்கும் பிளேட் அவற்றை இழுக்கும். நடுவில் கிரிட் என்ற கம்பிச் சுருள்.

நம்ம ஊர் வாய்க்கால் ஷட்டர் மாதிரிதான் இந்த கிரிட். ஷட்டரை ஒரு சாண் ஏற்றி இறக்கினால் எவ்வளவு தண்ணீர் கூடிக் குறைகிறது? அதேபோல கிரிட்டில் வரும் சின்ன அசைவு பிளேட்டில் பெரிய அசைவாகிறது. அதைத்தான் ஸ்பீக்கரில் பாட்டாகக் கேட்கிறோம்.

1904-ல் பிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் அதில் கிரிட்டைச் சேர்த்தார். ஒலி பெருக்கும் காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இதில் பங்கு உண்டு.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளோடு பொதுவுடைமை மேடைகளில் பாடிய காலத்தில், மைக் செட் என்றாலே வால்வு செட்தான். கரண்ட் இல்லாத ஊர்களில் அதை பேட்டரியில் ஓட்டினார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவரான இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்து வந்தபோது, டிரான்சிஸ்டர் வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தது.

சரி, இதில் ஆபத்து எங்கே?

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் பெரும்பாலும் 12 முதல் 50 வோல்ட்டில் ஓடும். வால்வுக்கு அது போதாது. ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் EL84 ஒற்றை வால்வு செட் தருவது சுமார் 5 வாட்தான். ஆனால் அதன் பிளேட்டுக்கு 250 வோல்ட் டிசி வேண்டும். பவர் சப்ளையில் 300 வோல்ட்கூட நிற்கும்.

ஈரக் கையில், தோல் உட்பட உடம்பின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 300 வோல்ட்டை 1,000 ஓமால் வகுங்கள். 300 மில்லி ஆம்பியர்!

இதயத்தின் லயத்தைக் குலைக்க 100 மில்லி ஆம்பியருக்குக் குறைவாக இருந்தாலே போதும்.

"எங்க வீட்ல RCCB இருக்கு சார்" என்பீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் அது டிரான்ஸ்பார்மருக்கு முந்தைய பக்கத்தை மட்டுமே கவனிக்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பிந்தைய 300 வோல்ட்டில் ஒரு கையும் சேசிஸில் மறு கையும் பட்டால், RCCB-க்கு எதுவும் தெரியாது. டிரிப் ஆகாது.

அடுத்தது, கண்டன்சர்.

எனக்குத் தொழில் காட்டிக்கொடுத்த கம்பத்து ரேடியோ மெக்கானிக் ஐயா ஒருவர் சொல்வார்: "டாக்டர் தம்பி, பிளக்கப் புடுங்குனா செட்டுதான் தூங்கும். கண்டன்சர் முழிச்சுக்கிட்டே கெடக்கும்."

நூறு சதவீதம் உண்மை. 100 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரில் 300 வோல்ட் இருந்தால் 4.5 ஜூல். எமர்ஜென்சியில் லயம் தவறிய இதயத்துக்கு ஷாக் கொடுக்கிறோமே, அந்த டிஃபிப்ரிலேட்டருக்குள் இருப்பதும் கண்டன்சர்தான். அங்கே நெஞ்சின் மேல் வைத்து 150 முதல் 200 ஜூல் கொடுக்கிறோம்.

4.5 ஜூல் அதைவிட மிகக் குறைவுதான். ஆனால் டிஃபிப்ரிலேட்டரை நாங்கள் நேரம் பார்த்து, இடம் பார்த்துக் கொடுக்கிறோம். உங்கள் கண்டன்சர் எதையும் பார்க்காது. ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராகும் அந்தக் கண நேரத்தில் அடித்தால், லயம் தவறிவிடலாம்.

ஆகவே இவற்றைக் கட்டாயம் செய்யுங்கள்.

1. பிரதான கண்டன்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பற்றவையுங்கள். 100 மைக்ரோ ஃபாரடை சுமார் 2 நிமிடத்தில் காலி செய்துவிடும்.

2. அப்படியும் நம்பாதீர்கள். கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பாருங்கள். காலியான கண்டன்சரிலும் கொஞ்சம் வோல்ட் திரும்ப ஏறும்.

3. ஆன் செய்து அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். கரண்ட் ஒரு கையில் நுழைந்து மறு கை வழியாகப் போனால் இடையில் இருப்பது இதயம்.

4. மூன்று பின் பிளக், எர்த் வயர் சேசிஸில் இறுக்கமாக. மோதிரம், கழுத்துச் செயினைக் கழற்றி வையுங்கள்.

5. தாத்தா காலத்து ஏசி/டிசி ரேடியோவைத் திறக்காதீர்கள். அதில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. பிளக்கை மாற்றிச் சொருகினால் சேசிஸிலேயே 230 வோல்ட் நிற்கும்.

6. வீட்டில் யாரும் இல்லாதபோது இந்த வேலை வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு:

ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு பாருங்கள். நினைவில்லை, மூச்சில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும், மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு இருந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குப் பணம் தேவையில்லை. தயங்காதீர்கள்.

இவ்வளவு கஷ்டப்பட்டு 5 வாட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். சத்தத்தைக் கூட்டும்போது டிரான்சிஸ்டர் சட்டென்று கரகரக்கும். வால்வு மெல்ல வளைந்து கொடுக்கும். காதுக்கு இதமாக இருக்கும். அதைவிட, விளக்கை அணைத்துவிட்டு, நம் கையால் பற்றவைத்த வால்வு செம்மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்பது தனி சுகம்.

அந்த சுகத்தை ரொம்ப வருஷம் அனுபவியுங்கள். அதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

செட்டு செய்யும் தம்பி தங்கைகள் யாராவது தெரிந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.