அரசுப்பணியும் வழிகாட்டும் பெரியோரும்

கப்பன் பூங்காவின் மரச்செறிவுக்கு இடையே செந்நிறம் பூண்டு நிற்கும் மாளிகையைப் பெங்களூரில் வாழும் தமிழர் பலரும் கண்டிருப்பர். திவான் சேஷாத்திரி ஐயரின் நினைவாக எழுந்த மண்டபம் அது. மாநில மைய நூலகமாக விளங்குவது. போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞரும் இளம்பெண்களும் நூல்களை விரித்து வைத்துக்கொண்டு அங்கே தவம்போல் அமர்ந்திருப்பர். மண்டபத்தின் முன்னே சிலையாக நிற்கிறார் ஐயர். அவர் போட்டித் தேர்வு எழுதி மைசூர் அரசின் பணிக்கு வந்தவரல்லர்; மூத்தவர் ஒருவர் கைகொடுத்து அழைத்து வந்தவர். ஆயினும், பிறர் தேர்வெழுதிப் பணிக்கு வரும் வாயிலை மைசூரில் திறந்து வைத்தவர் அவர்.

இவ்விரு செய்திகளையும் ஒருசேர எண்ணும்போதெல்லாம் எங்கள் இளமைக்காலம் நினைவில் எழுகின்றது. எங்களுக்கும் ஒருவர் கைகொடுத்தார். அவருக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

நாங்கள் மூவர், ஸ்ரீராமபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எங்கள் தந்தையர் வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து பின்னி ஆலையில் வேலை பார்த்தவர்கள். விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடக்கும். அத்தெருவில் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 'போஸ்டாபீஸ் தாத்தா' என்று பிள்ளைகள் அழைப்போம். 1966-ஆம் ஆண்டில் எங்களுக்குப் பதினாறு வயது. ஆலையில் சம்பளம் போட்ட மறுநாள் அவர் எங்களை அஞ்சலகத்திற்கு அழைத்துச் செல்வார். ஊருக்குப் பணவிடை அனுப்ப வந்து, எழுதத் தெரியாமல் நிற்கும் உழைப்பாளிகளுக்குப் படிவம் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. "காசு வாங்கக் கூடாது, டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கக் கூடாது" என்பது அவர் விதித்த கட்டளை.

பணவிடைப் படிவத்தின் அடியில் சேதி எழுதுவதற்கென்று சிறிது இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் எங்கள் கைகள் எழுதிய சேதிகள் எத்தனை! பசுவை விற்க வேண்டாம், தங்கையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டாம், பொங்கலுக்கு வர இயலாது, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஒரு மாதத்து உழைப்பும் ஓர் ஆண்டின் பிரிவும் மூன்று வரிகளில் அடங்க வேண்டும். நாட்டு மக்கள் என்னும் சொல்லைப் பாடநூலில் படித்திருந்தோம். அதன் பொருளை அந்தப் படிவங்களின் அடியில்தான் கற்றோம்.

ஒருமுறை பிழை நேர்ந்தது. கட்டட வேலையில் சித்தாளாக இருந்த அம்மையார் ஒருவர் தம் தாய்க்கு முப்பது ரூபாய் அனுப்பினார். ஒலியால் ஒத்த இரண்டு ஊர்ப் பெயர்களில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிட்டோம். சில வாரங்கள் சென்றபின் பணம் திரும்பி வந்தது. மூவருள் எவர் கை அதை எழுதியது என்பதை இன்றளவும் நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. பிழை மூவருக்கும் பொது என்று அன்றே முடிவு செய்தோம். தாத்தா எங்களை ஏசவில்லை. அந்த அம்மையாரின் குடிசைக்கு அழைத்துச் சென்று, எங்கள் வாயாலேயே உண்மையைச் சொல்லச் செய்தார். புதிய படிவம் எழுதி, அனுப்பும் கட்டணத்தை எங்கள் கையிலிருந்து கட்டச் செய்தார். திரும்பி வரும் வழியில் ஒன்றே சொன்னார்: "நீங்க தப்பா எழுதினது ஓர் எழுத்துத்தான். அந்தக் கிழவிக்கு அது ஒரு மாசச் சோறுடா."

செய்தித்தாளில் அரசுப்பணி விளம்பரங்களைக் கத்தரித்து வைப்பதும், விண்ணப்பங்களைக் காலத்தில் அனுப்பச் செய்வதும், மாலையில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிப்பதும் அவருக்கு அன்றாட வழக்கங்கள். 1972-இல் எங்களுள் இருவர் மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றோம். மூன்றாமவர் எங்கள் இருவரினும் அறிவிற் சிறந்தவர். ஆனால் குடும்பச் சுமை காரணமாக, தேர்வு நாளன்றும் விடுப்பெடுக்க இயலாமல் வேலைக்குச் சென்றார். வழிகாட்ட ஒருவர் இருந்தும், அன்றைய கூலியை விட முடியாமையால் அவருக்கு வாயில் அடைபட்டது. அதனை எண்ணி இன்றும் மனம் கசிகிறது.

இத்தகைய கைகொடுத்தலையே பேரளவில் மைசூர் வரலாற்றிலும் காண்கிறோம். செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாகாண அரசுப்பணியில் வளர்ந்தவர் அரங்காச்சார்லு. அவர் கோழிக்கோட்டில் அதிகாரியாக இருந்த காலத்தில், அங்குள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் சேஷாத்திரி ஐயர். 1845-இல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அரங்காச்சார்லு 1868-இல் மைசூர் அரசுப்பணிக்கு வந்தபோது, அவ்விளைஞரின் ஆற்றலை அறிந்து அவரையும் மைசூருக்கு வரச் செய்தார். வந்தவுடன் உயர்பதவி கிட்டிவிடவில்லை. பதினைந்து ஆண்டுகள் நீதித் துறையிலும் வருவாய்த் துறையிலும் படிப்படியாகப் பயின்றார் ஐயர். 1881-இல் ஆட்சி மீண்டும் மன்னர் குடும்பத்தின் கைக்கு வந்ததும் அரங்காச்சார்லு திவானானார். அவ்வாண்டே பிரதிநிதிகள் சபையைத் தோற்றுவித்தார். 1883-இல் அவர் மறைய, முப்பத்தேழு வயதே நிரம்பியிருந்த சேஷாத்திரி ஐயர் அப்பொறுப்பை ஏற்று 1901 வரை வகித்தார்.

அக்காலத்தின் பயன்களை நம் குடும்பங்களும் துய்த்துள்ளன. பசவனகுடியும் மல்லேசுவரமும் அவர் காலத்தில் உருப்பெற்றவை. சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் எடுக்கும் பணி அவர் காலத்தில் தொடங்கி, 1902-இல் கோலார் தங்கவயலுக்கு ஆற்றல் வழங்கியது. அத்தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவருள் தமிழர் எத்துணையர் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் எங்கள் நெஞ்சில் முதலிடம் பெறுவது வேறொன்று. 1891-இல் மைசூர் ஆட்சிப்பணிக்கெனப் போட்டித் தேர்வு முதன்முதலாக நடைபெற்றது. அதனை ஏற்படுத்தியவர் சேஷாத்திரி ஐயர். அறிந்தவர் ஒருவரின் துணையால் வந்தவர், அறிந்தவர் எவரும் இல்லாதவனுக்கும் ஒரு வழி அமைத்தார். கைகொடுத்தவருக்குச் செலுத்தும் நன்றிக்கடன் இதனினும் சிறந்தது உண்டோ?

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. சென்னை மாகாணத்திலிருந்து வந்த அதிகாரிகளே உயர்பதவிகளை நிரப்புகின்றனர் என்னும் மனக்குறை மைசூர் மக்களிடையே வளர்ந்தது. அது பொருளற்ற குறையன்று. பின்னர், பதவிகள் பெரிதும் பிராமண வகுப்பினர் கையிலேயே இருந்தன என்னும் முறையீட்டை ஆராய, தலைமை நீதிபதி மில்லர் தலைமையில் 1918-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஏனைய வகுப்பாருக்கும் அரசுப்பணியில் உரிய இடம் வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. தன்னைச் சேர்ந்தவனுக்கு மட்டும் நீளும் கை, வழிகாட்டும் கையன்று, அது சலுகை. தகுதியை வளர்ப்பது வழிகாட்டல். தகுதியைக் கேளாமல் இடம் பிடித்துத் தருவது சலுகை. முன்னது ஒருவனை ஊருக்கு உரியவனாக்கும். பின்னது அவனை ஒருவருக்குக் கடன்பட்டவனாக்கும்.

இன்று தேர்வுகள் எல்லார்க்கும் பொது. வினாத்தாள் எவருடைய மகன் என்று கேட்பதில்லை. ஆனால் அத்தேர்வை எப்போது எழுதுவது, எத்தனை முறை எழுதலாம், எந்தச் சான்றிதழை எங்கே பெறுவது என்னும் அறிவு மட்டும் இன்னமும் கைமாறியே வருகிறது. அதிகாரி வீட்டுப் பிள்ளை அதனை உணவு வேளையில் கேட்டறிகிறான். ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை இருபத்தெட்டு வயதில் தற்செயலாக அறிகிறான். குடிபெயர்ந்தோர்க்கு இடர் இன்னும் மிகுதி. ஒரு மாநிலத்தில் பட்டியல் வகுப்பினராக ஏற்கப்பட்டவர், வேறு மாநிலத்திற்குக் குடியேறியதனாலேயே அங்கும் அவ்வுரிமையைக் கோர இயலாது என 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, குடும்பம் எவ்வூரிலிருந்து எந்த ஆண்டில் வந்தது என்பதற்குரிய சான்று நமக்கு உயிர்நாடியாகிறது. பாட்டனாரின் பழைய காகிதங்களைக் குப்பையென்று எறிந்துவிட்ட குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

ஓய்வு பெற்ற பின்னர், ஞாயிறுதோறும் காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினோம். மூன்றாமவரே அதன் உயிர்; கணக்கில் அவரை மிஞ்சுவோர் எங்களுள் இல்லை. அவ்வகுப்பில் எங்களால் நேர்ந்த பெரும்பிழை ஒன்றை இங்கே ஒளிவின்றி எழுதுகிறோம். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் மாநில ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்தாள். வரலாறு, அரசியலமைப்பு, பொருளியல் எனப் பலவற்றையும் ஆர்வத்துடன் கற்பித்தோம். முதனிலைத் தேர்வில் தேறினாள். தெருவே இனிப்பு வழங்கிற்று. முதன்மைத் தேர்வில் கன்னடத் தாள் கட்டாயம். அதில் தேறாவிட்டால் ஏனைய தாள்கள் பயன்படா. 'கன்னடம் இவளுக்கு நீர்பட்ட பாடு' என்று நாங்கள் இருந்துவிட்டோம். பேச்சு வேறு, எழுத்து வேறு என்பதை மறந்தோம். அத்தாளில் அவள் தவறினாள். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் ஆண்டுகள் ஓடின. வீட்டுச் சூழ்நிலையும் மாறியது.

"கன்னடம்தான் பேசறேனேன்னு நானும் விட்டுட்டேன், நீங்களும் விட்டுட்டீங்க, ஐயா" என்றாள். அச்சொல்லில் சினம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் எங்கள் தெருவில் வாழும், ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியை ஒருவரை அணுகினோம். இரண்டாம் ஞாயிறன்றே அவர் கையில் சுண்ணக்கட்டியுடன் வந்து நின்றார். "நிம்ம மக்களு, நம்ம மக்களு, பேதவில்லை" என்றார். உங்கள் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் என்னும் வேறுபாடு இல்லை என்பது அவர் சொல்லின் பொருள். கன்னடம் நமக்குத் தேர்வின் தடையன்று. நாம் தொண்டு செய்ய வேண்டிய மக்களின் தாய்மொழி. தாலுக்கா அலுவலகத்திற்கு வரும் உழவர், தம் குறையை வேறெம்மொழியில் எழுதித் தருவார்? நாம் அன்று அஞ்சலகத்தில் எழுதிய தமிழ்ச் சேதிகளைப் போன்றதே அவர் நீட்டும் கன்னட மனுவும். நடுவண் ஆட்சிப்பணியின் முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அவ்வுரிமையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். வாழும் மண்ணின் மொழியைப் பிழையற எழுதவும் அவர்கள் கற்றிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அந்தப் பெண் பின்னர்க் கன்னடத்தை முறையாகக் கற்று, உதவியாளர் தேர்வெழுதி, தாலுக்கா அலுவலகமொன்றில் பணியாற்றுகிறாள். அதிகாரியாக அமர்ந்திருக்க வேண்டியவள் எழுத்தராக அமர்ந்திருக்கிறாள். அவ்விழப்பு எங்கள் கணக்கில் நிற்பது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இளையோர்க்குக் கன்னட வகுப்பு எடுப்பவளும் அவளே.

வள்ளுவர் பொருட்பாலில் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், அத்துடன் நிறுத்தினாரல்லர். கேள்விக்கும் ஒன்று வைத்து, பெரியாரைத் துணைக்கோடலுக்கும் ஒன்று வைத்தார். நூலறிவு பெற்றவனுக்கும் மூத்தோர் துணை வேண்டும் என்பது அவர் கண்ட முறை. அத்துணையைத் தேடி வருமாறு இளையோரிடம் சொல்வது எளிது. நாம் தேடிச் செல்லத் தக்கவர்களாக இருக்கிறோமா என்று முதியோர் தம்மைக் கேட்டுக்கொள்வதே அரிது.

1950-இல் தோன்றி, இன்று அல்சூர் ஏரிக்கரையில் தமிழ் வளர்க்கும் சங்கம் நமக்கு உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியரும் எழுத்தரும் பொறியாளரும் காவலரும் நம்மிடையே நிறைந்துள்ளனர். பெருந்தொகை எதுவும் தேவையில்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுதும், விளம்பரம் கத்தரிக்க ஒரு கத்தரிக்கோலும், பழைய காகிதங்களைக் காத்து வைக்க ஒரு பெட்டியும், அடுத்த வீட்டுக் கன்னட அன்பரைத் துணைக்கு அழைக்கும் மனமும் இருந்தால் போதும். தேர்வன்று ஒரு நாள் கூலியை இழக்கும் பிள்ளைக்கு அக்கூலியை நாமே தந்துவிட்டால், எங்கள் மூன்றாமவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

பணிக்குச் செல்லும் பிள்ளைகளிடம் நாங்கள் கடைசியாகச் சொல்லி அனுப்புவது அந்தத் தாத்தா சொன்ன சொல்லைத்தான். நீ எழுதுவது ஓர் எழுத்து. எதிரே நிற்பவருக்கு அது ஒரு மாதச் சோறு. அதனை மறவாதவர் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும், அங்கே மக்கள் பணி நடைபெறும்.