ஒரே கொடி, வேற வேர்

மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. தாத்தா லாரி டிரைவர். ஒரு தடவை கம்பம் பக்கம் லோடு இறக்கப் போனவர், ஒரு தோட்டத்தில் கேட்டு வாங்கிய நாலு குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். அதில் ஒன்றுதான் பிழைத்தது. அது வளர்ந்த பிறகு, ஒவ்வொரு கவாத்துக்கும் வெட்டுகிற குச்சிகளைத் தெருவில் கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தார். நான் எட்டாவது படிக்கும்போது எங்க தெருவில் மட்டும் ஏழு பந்தல்!

பிறகு கிணற்றுத் தண்ணி உப்பாச்சு. எங்க பகுதியில் இது புதுக்கதை இல்லை. நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் கடல் நீர் உள்ளே நுழையுதுன்னு 1960களின் கடைசியிலேயே கண்டுபிடிச்சாங்க. எங்க தெருவுக்கு அது மெதுவா வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். இலை ஓரம் முதலில் கருகியது. அப்புறம் பிஞ்சு உதிர்ந்தது. தாத்தா இறந்து ரெண்டே கோடையில் ஏழு பந்தலும் காலி. "அவரு போனாரு, கொடியையும் கூட்டிக்கினு போயிட்டாரு"ன்னு ஆயா சொல்லிட்டு, பந்தல் கம்பியில் துணி காயப்போட ஆரம்பிச்சாங்க.

இந்தக் கதையை ஹாஸ்டலில் ஒரு நாள் சொன்னேன். என் ரூம்மேட் சின்னமனூர்க்காரன், வீட்டில் திராட்சைத் தோட்டம். "ஏழு கொடியும் ஒண்ணா போச்சு மச்சான்"னு நான் சொன்னதும் அவன் சிரிச்சான்.

"ஏழு கொடின்னு யாருடா சொன்னா? அது ஒரே கொடி."

எனக்குப் புரியலை. அவன்தான் விளக்கினான். திராட்சையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. விதையில் முளைப்பது அம்மா மாதிரியே இருக்காது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விதமா இருப்பது போல, ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு ருசி. அதே ருசி வேணும்னா குச்சியைத்தான் நடணும். அப்படி நட்டால் மரபணுவில் அது அதே செடி. 2023ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சைக்கு வெளியுலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் முளைத்த ஒரு விதைதான் அதுக்கு ஆரம்பம். ஸ்கியாவா க்ரோஸா, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற ரெண்டு வகைகள்தான் அதன் பெற்றோர் என்று டிஎன்ஏ சோதனை சொல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் படர்ந்திருப்பதும், எங்க தெருவில் செத்துப்போனதும் அந்த ஒரே விதையின் நீட்சி.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிளாஸே ஒருத்தனோட ரெக்கார்டைப் பார்த்து எழுதுற கதை. அவன் சரியா எழுதியிருந்தா எல்லாருக்கும் மார்க். அவன் ஒரு இடத்தில் தப்பு விட்டிருந்தா எல்லாரும் அதே இடத்தில் மாட்டுவோம். எந்த உப்பு தாத்தாவின் கொடிக்கு ஒத்துக்கலையோ, அது ஏழு பந்தலுக்கும் ஒத்துக்கலை. நடுவில் வேற வகை ஒண்ணு இருந்திருந்தா, அதாவது தப்பிச்சிருக்குமோ என்னவோ.

அன்னிக்கு ராத்திரி தேடிப் படிச்சேன். உலகத்தில் ஆயிரக்கணக்கான திராட்சை வகைகள் உண்டு. ஆனா 2011ல் வந்த ஒரு ஆய்வில், அமெரிக்க வேளாண் துறையின் சேகரிப்பில் இருந்த சுமார் 950 மாதிரிகளைச் சோதித்தபோது, அதில் இருந்த வகைகளில் முக்கால்வாசி இன்னொரு வகைக்குப் பெற்றோராகவோ பிள்ளையாகவோ உடன்பிறப்பாகவோ இருந்ததாம். பெயர்தான் வேற வேற, குடும்பம் ஒண்ணு. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களைத் தின்னு தீர்த்தது. அங்கே இருந்த எந்த வகையின் வேருக்கும் அதைத் தாங்கும் சக்தி இல்லை. கடைசியில் காப்பாற்றியதும் அமெரிக்கக் காட்டுத் திராட்சைதான். அந்த வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினாங்க. யாரும் பழத்துக்காக மதிக்காத காட்டுக்கொடியிடம்தான் அந்தப் பூச்சிக்குப் பதில் இருந்தது.

"எங்க பக்கமும் சிலர் டாக்ரிட்ஜ் வேர்ல ஒட்டுக் கட்டுவாங்க. டெக்சாஸ் காட்டு வகை. வறட்சியும் உப்பும் ஓரளவு தாங்கும்"னான் ரூம்மேட்.

ஆனா ஒட்டுக் கட்ட தாத்தாவின் கொடி வேணுமே? அப்பதான் செங்குன்றத்து அத்தை ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் போகும்போது தாத்தா கொடுத்த குச்சி அங்கே இன்னும் இருந்தது. அங்கே தண்ணி நல்ல தண்ணி. பொங்கல் லீவில் போய்ப் பென்சில் தடிமனில் அஞ்சு குச்சி வெட்டி வந்தேன். ரூம்மேட் ஊரிலிருந்து அஞ்சு டாக்ரிட்ஜ் நாற்று கொண்டு வந்தான். நாற்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினோம். பிளேடு அவன் கையில். பிடிச்சுக்கிட்டது மட்டும் நான். மூணு காய்ஞ்சு போச்சு. ரெண்டு துளிர்த்தது.

ஒண்ணைப் பழைய பந்தல் இருந்த இடத்திலேயே வைத்தேன். ஆயா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது அவரு கொடிதானா?"ன்னு கேட்டாங்க.

"மேல அவருது ஆயா. வேர் மட்டும் வேற ஊரு."

"அதனால இன்னா? மருமகளையும் வெளியூர்லேர்ந்துதான எடுக்குறோம்"னு சொல்லிட்டுத் துணியைக் கம்பியிலிருந்து எடுத்தாங்க.

இன்னும் காய்க்கலை. உப்பு இப்படியே ஏறினால் அந்த வேரும் எத்தனை வருஷம் தாங்கும்னு தெரியாது. அதனால ரெண்டாவது செடியை மீஞ்சூரில் வைக்கலை. அது இப்போ சின்னமனூரில், ரூம்மேட் வீட்டு வாசலில் இருக்கு. தாத்தா கொடுத்துக்கிட்டே இருந்ததால்தான் எனக்கு ஒரு குச்சி மிஞ்சியது. ஆனா ஒரே தெருவில் கொடுத்த ஏழும் போச்சு. தள்ளிப் போன ஒண்ணுதான் நின்னுச்சு.

உங்க வீட்டுப் பின்னாடியும் பழைய கொடி, பழைய முருங்கை, பேர் தெரியாத வாழை ஏதாவது இருக்கலாம். அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு குச்சியோ கன்றோ எடுத்து, உங்க ஊர்த் தண்ணி குடிக்காத ஒரு ஃபிரெண்டுக்குக் கொடுங்க. அவன் ஊரிலிருந்து ஒண்ணு வாங்கிட்டு வாங்க.