முதிரெஃகு



ஒரு பொருளின் வலிமை, அது எதனால் ஆயது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அதனுள்ளே அணுக்களும் துகள்களும் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் பொறுத்தது. கண்ணுக்குப் புலனாகாத அவ்வடுக்கினை நுண்ணமைப்பு என்பர்.

எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில், கொல்லர் அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அதன் வாயை மட்டும் நீரில் தோய்ப்பார். முதுகு காற்றில் மெல்ல ஆறும். இரும்பு ஒன்றே; ஆயினும் வாய் கடினமாகும், முதுகு அடி தாங்கும். இதன் காரணத்தைப் பின்னாளில் நூல்களில் கற்றேன். மெல்ல ஆறும் எஃகில் மென்மையான இரும்பும் கடினமான இரும்புக் கார்பைடும் மெல்லிய ஏடுகளாய் மாறி மாறி அமைகின்றன. இது பெர்லைட்டு. திடீரெனக் குளிர்ந்தாலோ, கார்பன் அணுக்கள் பிரிந்து செல்ல நேரமின்றி இரும்பின் அணுக்கோப்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. இது மார்ட்டென்சைட்டு. மிகக் கடினமானது, ஆனால் எளிதில் உடைவது. ஆகவே அதனை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்துவர்.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய பழங்கால உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. மூசையிலிட்டு உருக்கிய தென்னிந்திய எஃகினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைக்கேல் பாரடே இலண்டனில் ஆராய்ந்தார்.

நாம் வாழும் திருவனந்தபுரத்திற்கு வருவோம். தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட்டு 1963 நவம்பர் 21 அன்று விண்ணில் பாய்ந்தது. இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டம் 2.8 மீட்டர் விட்டமுடையது. ஏறத்தாழ 139 டன் திட எரிபொருளைச் சுமப்பது. அதன் கூடு மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். பேரழுத்தத்தையும் தாங்குதல் வேண்டும். அதற்கெனப் பயன்படுவது மாரேஜிங் எஃகு. இதில் நிக்கல் சுமார் 18 விழுக்காடு. கோபால்ட்டு, மாலிப்டினம், டைட்டானியம் ஆகியனவும் உண்டு. கார்பனோ 0.03 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆதலால் இதன் மார்ட்டென்சைட்டு வளைக்கவும் பற்றவைக்கவும் இசைவது. வடிவம் அமைத்தபின் ஏறத்தாழ 480 பாகை செல்சியசில் சில மணி நேரம் வைத்தால், உள்ளே மிக நுண்ணிய துகள்கள் தோன்றி, அணுவடுக்குகள் நழுவாதபடி தடுக்கின்றன. எஃகு உறுதி பெறுகிறது.

இதனை நான் வகுப்பில் விளக்கியபோது, ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, அப்பாவின் வேலையைப் பற்றித் தமிழில் பேசவே முடியாது என்று நினைத்தேன். விருப்பப்பாடம்தானே, இந்த ஆண்டோடு விட்டுவிடலாம் என்றிருந்தேன். மாரேஜிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?”

மார்ட்டென்சைட்டு, முதிர்தல் என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களின் கூட்டு அது என்றேன். சற்றே எண்ணியவள், “முதிரெஃகு எனலாமா?” என்றாள். முதிர்ந்த எஃகு, முதிர்கின்ற எஃகு, முதிரும் எஃகு என முக்காலத்திற்கும் பொருந்தும் வினைத்தொகை! கரும்பலகையில் எழுதினேன்.

மறுநாள் அவள் ஒரு தாளுடன் வந்தாள். தந்தை தம் பணியைத் தமிழில் விளக்க முயன்று, சொல் கிடைக்காமல் நின்ற இடங்களை அதில் குறித்திருந்தாள். தமிழை அவள் விடவில்லை.

நீங்களும் உங்கள் பெற்றோரின் தொழிலில் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். தமிழில் சொல் இருப்பின் தேடிக் காண்போம். இல்லையேல் நாமே ஆக்குவோம்.