விட்டுப்போதல்

வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு கவிதை மூன்று வாரம் கிடந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கோடுபோட்ட தாளில் எழுதி, நான்காக மடித்துக் கொண்டுவந்து தந்தது. "படிச்சுப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றாள். தமிழ்த்துறையில் எங்களை அம்மா என்றுதான் அழைப்பார்கள். பக்கத்து வணிகவியல் துறைக்குப் போனால் எங்கள் வயதுப் பெண்கள் மேடம். "வச்சுட்டுப் போம்மா, பாக்குறேன்" என்றேன். தினமும் பதிவேட்டைத் திறந்தேன், வருகை குறித்தேன், மடித்த தாளைத் தள்ளிவைத்துவிட்டு மூடினேன்.

நான் கவிதை எழுதுகிறவள். முன்பெல்லாம் இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால், வகுப்புக்குப் போகிற வராந்தாவிலேயே நின்று படித்துவிடுவேன். அந்த மூன்று வாரமும் அது எனக்குக் கவிதையாகத் தெரியவில்லை. முடிக்கவேண்டிய இன்னொரு கோப்பாகத் தெரிந்தது. தந்தவளின் முகம்கூட நினைவில் இல்லை.

அந்த ஆண்டு எங்கள் கல்லூரிக்கு நாக் குழு வரவிருந்தது. ஐந்து ஆண்டுகளின் கருத்தரங்குகள், கலந்துகொண்டோர் பட்டியல், புகைப்படம், கையொப்பம் எல்லாவற்றையும் தொகுக்க வேண்டும். துறையில் ஆறு பேர், அவர்களில் நால்வர் ஆண்கள். தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது, "நீங்க செஞ்சாதான் மேடம் நேர்த்தியா இருக்கும்" என்ற பாராட்டோடு. கோலம், குத்துவிளக்கு, விருந்தினர் வரவேற்பு ஆகியவை இன்னொரு பெண் ஆசிரியருக்குப் போயின. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மகன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மாமியார். யார் கேட்டாலும் "களைப்பா இருக்கு" என்றேன். வேறு சொல் என்னிடம் இல்லை.

முதலில் உடம்பைத்தான் சந்தேகப்பட்டேன். அது சரியான தொடக்கம்தான். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தைராய்டு, மாதவிடாய் நிற்கப்போகும் காலத்துத் தூக்கமின்மை என்று நாற்பதுகளில் களைப்புக்குப் பல வாசல்கள். எனக்கு ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். சில மாதங்களில் 12ஐத் தொட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. தாள் மட்டும் மடித்தபடியே இருந்தது.

தீபாவளி விடுமுறையில் நான்கு நாட்கள் நன்றாகத் தூங்கினேன். உடம்பு லேசாகிவிட்டது. கல்லூரி திறப்பதற்கு முந்தைய நாள் மாலை, மறுநாளுக்குப் புடவை எடுத்துவைக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. தூங்கியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

என் அம்மா மன்னார்குடிப் பக்கம் நடவு நட்டவர். தாளடி நடவின்போது பொழுதுக்கும் குனிந்து நட்டுவிட்டு, சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டு, "அலுப்பா இருக்குடி" என்று படுப்பார். விடியலில் எழுந்தால் அந்த அலுப்பு இருக்காது. நடவுப் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே வரப்பில் போவார். ஆனால் 1991இல், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, வயல்வேலை எதுவும் இல்லாத ஒரு வாரத்தில், அம்மா திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். நான்கு நாட்கள் அடுப்பு மூட்டவில்லை. அழவில்லை, சண்டை போடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அப்பாயி, காத்து கருப்பு அண்டிவிட்டது என்றார். கோயிலுக்கு அழைத்துப்போய் வேப்பிலை அடித்தார்கள். அப்பா டீக்கடையில் சாப்பிட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் அம்மா எழுந்தார். குணமாகி எழவில்லை, தம்பிக்குக் காய்ச்சல்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தத் தீபாவளி விடுமுறை முடிந்தபின் ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன், "அன்னைக்கு என்னம்மா ஆச்சு? அலுப்பா?"

"அலுப்புன்னா தூங்கினாப் போயிருமேடி. எனக்கு வுட்டுப்போச்சு."

"எது?"

"எல்லாந்தான். யாருக்கு வேக வைக்கிறோம், எதுக்கு வேக வைக்கிறோம்னே தெரியல. வச்சாலும் நல்லா இல்லன்னு தோணும்."

பர்ன்அவுட் என்ற சொல்லுக்கு மனச்சோர்வு என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு நோய்க்குரிய பெயர். விடுப்பிலும், பிடித்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் எதிலுமே விருப்பம் எழாமல் வாரக்கணக்கில் நீடித்தால், அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். பர்ன்அவுட்டுக்கு அம்மாவின் 'விட்டுப்போதல்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் மூன்றைத்தான் பார்க்கிறது: வற்றிப்போன உணர்வு, எதிரிலிருப்பவரை ஆளாகப் பார்க்க முடியாமை, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். சாதாரணக் களைப்பில் முதலாவது மட்டும் உண்டு. களைத்த நாளிலும் மாணவியின் முகம் நினைவிருக்கும். நாளைக்குப் படிக்கிறேன் என்று சொல்லும்போது, நாளைக்கு உண்மையிலேயே படிக்கும் எண்ணம் இருக்கும். என்னிடம் இரண்டாவதும் மூன்றாவதும் வந்திருந்தன. அம்மாவிடமும் 1991இல் மூன்றும் இருந்தன.

ஆனால் அம்மாவுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டு 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் தந்தபோது, அது நோயல்ல, வேலைசார்ந்த ஒரு நிலை என்றது. பணியிடத்துக்கு வெளியே, வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு இதைப் பொருத்தக் கூடாது என்றும் சேர்த்தது. அப்படியானால் அம்மாவின் அடுப்படி எந்தக் கணக்கு? அதே 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். அதில் ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவான வேலையைப் பணியிடம் இல்லை என்று ஒதுக்கினால், அங்கே விட்டுப்போகிறவளுக்கு மிஞ்சுவது காத்து கருப்புதான்.

ஆள்வினையுடைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். உடம்பு வருந்தி உழைத்தால் அந்த அளவுக்குக் கூலி உண்டு என்று பொருள் சொல்வேன். அம்மாவின் நடவு அப்படி. கூலி உண்டு, நட்டு முடித்த வயல் கண்ணுக்குத் தெரியும், பேச்சுத்துணை உண்டு. அடுப்படியில் மூன்றும் இல்லை. அதனால்தான் நடவு அவரை அலுக்கவைத்தது, அடுப்பு அவரை விட்டுப்போக வைத்தது. எனக்குச் சம்பளம் வருகிறது. ஆனால் எந்த வேலையை ஏற்பது என்று சொல்லும் உரிமையும், சுமையைப் பங்கிடுவதில் நியாயமும் இல்லாத இடத்தில் சம்பளம் மட்டும் காப்பாற்றுவதில்லை. தூக்கம் தீர்க்காததை விடுப்பும் தீர்ப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஓய்வெடுத்துவிட்டு அதே பங்கீட்டுக்குத்தான் திரும்பி வருகிறோம்.

ஒரு தாளில் என் வேலைகளையும் அவற்றுக்கு ஆகும் மணிநேரத்தையும் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். "வீட்டுல ஏதும் பிரச்சினையா மேடம்?" என்று கேட்டார். "இல்லைங்க சார், துறையிலதான்" என்றேன். இரண்டு பொறுப்புகள் ஆண் ஆசிரியர்களுக்குப் போயின. ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. வீட்டுக்கும் ஒரு தாள் எழுதினேன். காலைச் சமையலையும் அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் ஏற்பாடு செய்வதையும் என் இணையர் எடுத்துக்கொண்டார். முதல் மாதம் சாதம் தினமும் குழைந்தது. நான் அடுப்பருகே போகாமல் இருக்கப் பழகினேன். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

பொறுப்புகள் கைமாறிய வாரத்தில் ஒருநாள் பேருந்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பிரித்தேன். விடுதியில் தண்ணீர் வராத காலை பற்றிய கவிதை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "நல்லா இருக்கும்மா. கடைசி மூணு வரி இல்லாமலேயே முடிஞ்சிருது" என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு, "ஆண்டுமலருக்குக் கேட்டிருந்தாங்கம்மா. தேதி முடிஞ்சிருச்சு. பரவால்ல" என்றாள். "தப்பு என்னோடதும்மா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

பத்து நாள் கழித்து இன்னொன்று கொண்டுவந்தாள். வகுப்புக்குப் போகிற வராந்தாவில் நின்று படித்தேன். அன்று ஐந்து மணிநேர வகுப்பு, கால் கடுத்தது, தொண்டை வறண்டிருந்தது. கவிதை சுமார்தான். எங்கே சுமார் என்று அவளிடம் சொல்வதற்கு, மணி அடிப்பதற்குள் அவளைத் தேடிக்கொண்டு போனேன்.