மலைக்குக் கிழக்கே ஒரு மரக்கலம்

ராஜபாளையத்தில் நின்று மேற்கே நோக்குகிறவருக்கு, ஊரின் எல்லையிலேயே எழும்பி வானத்தில் ஒரு பாதியை மறைத்து நிற்கும் மலைத்தொடர் ஒன்றாகவே தோன்றினாலும், அதன் இரு பக்கங்களிலும் வாழும் தச்சர்களுடைய வித்தையை அந்த மலை இரு வேறு வழிகளில் திருப்பிவிட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை மார்பில் ஏற்றுக்கொள்ளும் மேற்குப் பக்கத்தில், பம்பை முதலிய ஆறுகள் காயல்களை நோக்கி ஓடும் கேரள நாட்டில், ஆஞ்சிலி மரத்தை இழைத்து வள்ளம் கட்டும் வித்தை தழைத்தது. 1952-ல் ஜவஹர்லால் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது கண்டு மகிழ்ந்த சுண்டன் வள்ளங்களும், ஆரன்முளைப் பார்த்தசாரதி கோயிலைச் சார்ந்து ஊர்ஜனங்கள் பக்தியோடு பேணிவரும் பள்ளியோடங்களும் அந்த வித்தையின் சிகரங்கள். மழை மறைவான கிழக்குப் பக்கத்திலோ, கண்மாய் நிரம்பினால்தான் வெள்ளாமை என்று காத்திருக்கும் நம் சீமையில், அதே கையும் அதே உளியும் தேர் கட்டுவதில் தேர்ச்சி பெற்றன. அங்கே தெய்வத்துக்கு ஓடம். இங்கே தெய்வத்துக்குத் தேர்.

இந்த எண்ணம் என்னுள் எழுவதற்குக் காரணமாக இருந்தவர், கனடாவில் குடியேறி, தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையிலேயே ஓய்வு நேரங்களில் ஓர் ஓடத்தைக் கட்டி முடித்த என் உறவினர் ஒருவர். சிடார் என்னும் லேசான செந்நிற மரத்தைக் கால் அங்குல கனமும் முக்கால் அங்குல அகலமும் உள்ள நீண்ட கீற்றுகளாக அறுத்து, ஒவ்வொரு கீற்றின் ஒரு விளிம்பைக் குழிவாகவும் மறு விளிம்பைக் குவிவாகவும் இழைத்து, ஓடத்தின் குறுக்குவெட்டு வடிவத்தில் வரிசையாக நிறுத்திய பலகை அச்சுகளின்மேல் ஒன்றோடொன்று பொருந்தப் பசையிட்டு வளைத்து, பிறகு உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணியை எப்பாக்சிப் பிசினில் ஒட்டி அவர் செய்த அந்த 16 அடி ஓடம், சுமார் 25 கிலோ எடையே உள்ளதாய், ஒருவர் தோளிலேயே சுமந்து செல்லத்தக்கதாய் அமைந்தது. மெல்லிய மரத்தை ஒன்றுசேர்த்து வலிமை பெறச் செய்யும் அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தைப் படித்தபோது, பருத்த மரத்தை ஒன்றுசேர்த்து ஒரு கோபுரத்தையே வீதியில் நடக்கச் செய்யும் நம் தச்சர்களுடைய முறையை நேரில் கண்டறிய வேண்டும் என்ற ஆவல் எனக்குண்டாயிற்று. ஆடிப் பூரத்துக்குச் சில வாரங்கள் முன்னதாக ராஜபாளையத்துக்குப் பிரயாணமானேன்.

1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லும் அதன் பின் தோன்றிய மற்ற ஆலைகளும் அந்நகருக்குப் பஞ்சாலை ஊர் என்ற பெயரைத் தேடித் தந்துவிட்டபடியால், அங்குள்ள தச்சுப் பட்டறைகளைப் பற்றி வெளியூரார் பேசுவது அபூர்வம். நான் சென்ற பட்டறை, ஒரு சந்தின் கோடியில், வீட்டின் முன்புறத்தையே கொட்டகையாக நீட்டி அமைத்தது. சுமார் எழுபது வயதுடைய ஆசாரி அதன் தலைவர். அவருடைய மகனும், மாப்பிள்ளை முறையுள்ள ஓர் இளைஞரும் உடன் வேலை செய்தார்கள். ஒரு கிராமத்துக் கோயிலின் சிறிய தேருக்காக வந்திருந்த இலுப்பைக் கட்டைகள் நிழலில் அடுக்கப்பட்டிருந்தன. ஆசாரி ஒவ்வொரு கட்டையின் வெட்டுமுகத்தையும் ஈரத்துணியால் துடைத்து, வளையங்களைப் பார்த்து, வெளிப்புறத்து வெளிறு எங்கே முடிந்து வைரம் எங்கே தொடங்குகிறது என்று கரிக்கோடு கிழித்துக் காட்டினார். கணு விழுந்த கட்டையும் நெளிவு கண்ட கட்டையும் பாரம் தாங்கும் சட்டத்துக்கு ஆகா என்று ஒதுக்கப்பட்டன. இலுப்பை கனமானது, பூச்சிக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடாதது. தேருக்கு அதைத் தேர்ந்தெடுத்த முன்னோருடைய அனுபவ ஞானம் வெறும் சம்பிரதாயம் அன்று என்பது அந்த வெட்டுமுகங்களைப் பார்த்த அளவிலேயே விளங்கிற்று.

அன்று முற்பகல் முழுவதும் ஒரே ஒரு மூட்டு உருவாவதை நான் உடனிருந்து பார்த்தேன். நெடுக்குச் சட்டத்தில் துளையும், குறுக்குச் சட்டத்தின் முனையில் அந்தத் துளைக்குள் புகும் நாக்கும் செய்ய வேண்டும். மூலைமட்டத்தை வைத்து, நூலடித்து, உளியைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, பாதி ஆழம் ஒரு முகத்திலிருந்தும் மறு பாதி எதிர்முகத்திலிருந்தும் துளையைக் குடைந்தார் மகன். இரு பக்கமும் இருந்து குடைவதால், வெளி விளிம்பில் மரம் பிய்ந்து சிலும்பாமல் காக்கப்படுகிறது. நாக்கைச் செலுத்தியபோது அது முக்கால் பாகம் சென்று நின்றது. பெரியவர் அதை வெளியே எடுக்கச் சொல்லி, எங்கே உராய்ந்து பளபளத்திருக்கிறது என்று விரலால் தடவி, அந்த இடத்தில் மட்டும் உளியால் ஒரு மயிரிழை சீவினார். மறுபடியும் செலுத்திப் பார்த்து, மறுபடியும் எடுத்துச் சீவினார். இன்னும் ஓங்கி அடித்தால் இறங்கிவிடாதா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விடை, என் பிரயாணத்தின் பலனையே ஒரு வாக்கியத்தில் தந்துவிட்டது.

"இறுக்கி அடிச்சாத்தான் நல்ல வேலைன்னு நினைக்காதீங்க ஐயா. ரொம்ப இறுக்குன சட்டம் முதல் தெருமுனையிலேயே விரிஞ்சிரும். மரம் அசையணும், ஆனா விலகக் கூடாது."

இவ்வாக்கியத்தின் உண்மையை மரத்தின் இயல்பே நிரூபிக்கிறது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கிலோ, மழைக்காலத்து ஈரத்தை உண்டு விரிகிறது, கோடையில் சுருங்குகிறது. அதனால்தான் அவதாரங்களும் அடியார்களும் செதுக்கப்பட்ட சிற்பப் பலகைகளைத் தேரின் பக்கங்களில் அசையாதபடி அறைந்துவிடாமல், சட்டங்களில் வெட்டிய காடியில் சொருகி, விரியவும் சுருங்கவும் இடம் விட்டு நிறுத்துகிறார்கள். பாரம் தாங்கும் மூட்டுகளில் மர ஆணியும் ஆப்பும் இட்டு, காலாகாலத்தில் அவற்றைத் தட்டி இறுக்குகிறார்கள். இரும்புப் பட்டையும் கம்பியும் வேண்டிய இடத்தில் துணைக்கு வருகின்றனவே தவிர, மூட்டின் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்வதில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றேன். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த அந்த திவ்ய க்ஷேத்திரத்தின் 11 நிலைக் கோபுரத்தைத் தரிசித்துவிட்டுத் தேரடிக்கு வருகிறவர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்றின்முன் நிற்கிறார். ஆண்டாளின் திருநக்ஷத்திரமாகிய ஆடிப் பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருள, ரத வீதிகளில் அது பவனி வரும். நான் சென்றபோது அதற்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. நிரந்தரமான மர அடிப்பாகத்தின்மேல் ஆண்டுதோறும் புதிதாகச் சாரம் எழுப்பி, கயிற்றால் பிணைத்து, தேர்ச்சீலை போர்த்தி, தொம்பைகள் தொங்கவிட்டு, குதிரைகளையும் யாளிகளையும் முன்னே நிறுத்தி அலங்கரிப்பது ஒரு கூட்டத்தின் வேலை. அடிப்பாகத்தின் உள்ளே விளக்கோடு குனிந்து புகுந்து ஒவ்வோர் ஆப்பையும் சிறு சுத்தியால் தட்டி ஓசை கேட்பது தச்சர்களின் வேலை. கெட்டியான மூட்டில் ஓசை சுருக்கமாகவும் கனமாகவும் எழும்புகிறது; தளர்ந்த மூட்டில் சிறு அதிர்வு ஓசையைத் தொடர்கிறது. அந்த வேறுபாடு முதலில் என் காதுக்கு எட்டவில்லை என்றாலும், பத்துப் பன்னிரண்டு ஆப்புகளைத் தட்டிக் கேட்கச் செய்தபின் தெளிவாகப் பிடிபட்டது.

தேரை ஓட்டும் சாமர்த்தியம், கட்டும் சாமர்த்தியத்துக்கு இளைத்ததன்று. தேருக்குத் திசை திருப்பும் கருவி கிடையாது. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து அதைத் தயங்கச் செய்தால், மறுபக்கத்துச் சக்கரம் முன்னேற, தேர் மெல்லத் திரும்புகிறது. உருளும் சக்கரத்துக்கு மிக அருகே சென்று கட்டையை இடுகிறவருடைய கையும் கண்ணும் ஒரு கணம் தவறினாலும் விபரீதம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கும் ஆரவாரத்தின் நடுவே அவர் காட்டும் நிதானத்தைச் சொல்லி முடியாது. மரச்சக்கரங்கள் இருந்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நிலைக்குத் திரும்பப் பல நாட்கள் ஆனதுண்டு என்று ஊரின் முதியோர் நினைவுகூர்கிறார்கள். இப்போது இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்திருக்கின்றன. திருவாரூர் ஆழித்தேருக்கும் திருச்சி பெல் நிறுவனத்தார் அவ்வகைச் சாதனங்களைச் செய்து தந்தார்கள். இதனால் மனித உயிருக்கு நேரும் ஆபத்து குறைந்திருக்கிறது என்பதால் இம்மாறுதலை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் சக்கரம் இரும்பானாலும் அதன் மேலே அமர்ந்திருக்கும் உடல் மரமே ஆதலால், வீதியின் மேடுபள்ளத்தை ஏற்று அசைந்துகொடுக்க வேண்டிய கடமை இன்னும் மூட்டுகளையே சார்ந்திருக்கிறது. இந்த அசைவின் தத்துவத்தை நம் கடற்கரையாரும் அறிந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்குமுன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து பிரயாணிகளைக் கரை சேர்த்த மசூலாப் படகுகள், ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தவை. அலை மோதும்போது அவை வளைந்துகொடுத்தன, ஆணி அறைந்த ஐரோப்பியப் படகுகளோ அதே அலையில் உடைந்தன. கேரளத்துக் கெட்டுவள்ளமும் கயிற்றால் தைத்ததே. நீரிலே அலை செய்யும் சோதனையை நிலத்திலே தெருமுனை செய்கிறது. இரண்டிலும் தச்சன் கண்ட விடை ஒன்றே.

இவ்வளவு நுட்பமான வித்தையை உடையவர்களின் வாழ்க்கை நிலை, அதற்கேற்ற மதிப்போடு இல்லை என்பதை வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. புதுத்தேர் வேலை எப்போதோ ஒருமுறை வருகிறது. பழுது பார்க்கும் வேலை திருவிழாவையொட்டிச் சில வாரங்களே நீடிக்கிறது. மற்றக் காலங்களில் கதவும் ஜன்னலும் கட்டிலும் செய்து பிழைக்க வேண்டியிருக்க, அவற்றையும் இயந்திரத்தில் செய்த தயார்ச் சாமான்கள் பறித்துக்கொண்டன. ராஜபாளையத்து ஆசாரியின் பேரன் ஆலையில் வேலைக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல எவருக்கும் பாத்தியதை இல்லை. மாதாமாதம் சம்பளம் கிடைக்கும் இடத்துக்குத்தான் எந்தக் குடும்பமும் பிள்ளையை அனுப்பும்.

1957-ல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்வி நிலையம் மரச்சிற்பத்தையும் கற்பித்துவருகிறது. அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆயினும் பார்வைக்குத் தெரியும் சிற்பத்துக்குக் கிடைக்கும் கௌரவம், சட்டத்துக்குள் மறைந்திருந்து அத்தனை சிற்பங்களையும் சுமக்கும் மூட்டுக்குக் கிடைப்பதில்லை. தேர் உள்ள பெரிய கோயில் ஒவ்வொன்றும், திருவிழாவுக்குமுன் அவசர அவசரமாகத் தச்சரைத் தேடுவதை விட்டு, ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஒரு மூத்த தச்சரையும் அவரிடம் பயிலும் இரண்டு இளைஞரையும் வைத்துக்கொள்ளுமானால், தேரும் காக்கப்படும், வித்தையும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். மரத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஏட்டில் எழுதிவைத்து ஒப்படைக்க இயலாது. அதை அறிந்த கை உளியைப் பிடித்திருக்கும்போதே, பக்கத்தில் இன்னொரு கை இருந்து பழக வேண்டும். அதற்குரிய செலவு, ஒரு திருவிழாவின் அலங்காரச் செலவில் சிறு பங்குகூட ஆகாது. அதைக் கொடுப்பது தேரை உடைய ஒவ்வோர் ஊரின் கடமை.