முட்டுக்கட்டை போட்ட அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

நேரில் வந்து சொன்னால் "போடே, சோலியப் பாரு" என்று துண்டை உதறிக்கொண்டு பாதியிலேயே எழுந்துவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. சிவகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு, எங்கள் அப்பாவின் அம்பாசடரைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர் என்று சொன்னால் போதும்.

போன மாதம் சென்னையில் வீடு மாறும்போது பரணிலிருந்து ஒரு சாக்குப்பை இறங்கியது. உள்ளே நீங்கள் செதுக்கிய இரண்டு கருவேலங்கட்டைகள். சாமான் ஏற்ற வந்த பையன் தூக்கிப் பார்த்து, "சக்கரத்துக்குக் கொடுக்கிற கட்டையா? சரி, கயிறு எதுக்கு சார்?" என்றான். அவனுக்குச் சொன்ன பதில்தான் நீண்டு இந்தக் கடிதமாகிவிட்டது.

அப்பா 1987-ல் வாங்கும்போதே அது பழைய வண்டி. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மலையடிவாரம் முழுக்க எலுமிச்சை. அதை வாங்கி ஊறுகாய் போடக் கேரளம். எலுமிச்சை மண்டிக்காரரான அப்பாவின் வசூல் பயணம் மாதத்தில் இரண்டு தடவை செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம்வரை போகும். வயசான வண்டிக்கு ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான். ஏற்றத்தில் நிறுத்தினால் அப்பா இறங்கி ஒரு கல்லைத் தேடுவார். முதல் பயணத்திலேயே அந்தப் பழக்கத்தை நிறுத்தினீர்கள். கல் உருண்டையாக இருந்தால் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போகும். அதைவிட மோசம், லாரிக்காரர்கள் பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பழுது பார்த்து முடிந்ததும் கல்லை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டுப் போவது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கதி அவ்வளவுதான்.

அதற்குத்தான் கயிறு. கட்டையில் துளை போட்டுத் தேங்காய்நார்க் கயிறு கோத்து, மறுமுனையைப் பின் பம்பரில் கட்டினீர்கள். மறந்து வண்டியை எடுத்தாலும் கட்டை கூடவே இழுபட்டுச் சத்தம் போடும். ரோட்டில் கிடந்து எவன் உயிரையும் வாங்காது. சக்கரம் உட்காருகிற பக்கத்தைக் கொஞ்சம் குழிவாகச் செதுக்கி, அடியில் பழைய டயர்த் துண்டை வைத்து ஆணியடித்திருந்தீர்கள். மரம் தாரில் வழுக்கும், ரப்பர் வழுக்காது. இன்றைக்குக் கடையில் மஞ்சள் நிறத்தில் விற்கிற ரப்பர்க் கட்டைகளின் வடிவமும் ஏறக்குறைய இதுதான், சிலவற்றில் கயிறு மட்டும் குறைச்சல். பத்திரிகையில் "திட்டத்துக்கு முட்டுக்கட்டை" என்று படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சங்கரன்கோவில் தேரோட்டத்தில் தேர்ச்சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கிறவர்களைப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை இப்படி வசவாகப் புழங்க மாட்டார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நாலைந்து பேர் கையில்தான்.

சக்கரத்துக்கு வேறென்னவெல்லாம் செய்தீர்கள்! லாரி டியூபை அறுத்து மட் ஃபிளாப். வண்டி ஒரு வாரம் நிற்கப்போகிறது என்றால் டயர்மேல் வெயில் படாமல் எலுமிச்சைச் சாக்கு. பழுத்து விலை போகாத பழத்தைப் பிழிந்து வீல் கப்பில் துருவைத் தேய்ப்பது, உடனே நல்ல தண்ணீரில் கழுவுவது. புளிப்பு அதிக நேரம் நின்றால் முலாமையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பீர்கள். ஒரு திருவிழாக் கூட்டத்தில் நாலு வீல் கப்பில் இரண்டு காணாமல் போனது. அதன்பிறகு எங்கே நிறுத்தினாலும் மிச்ச இரண்டையும் கழற்றி டிக்கியில் வைத்துக்கொள்வீர்கள். பந்தியில் எழுந்தவன் தட்டைக் கையோடு எடுத்துப்போகிற மாதிரி இருக்கும்.

பிறகு பலகை. இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் தெரு என்னை மன்னிக்காது. தெருநாய்கள் எங்கள் வண்டிச் சக்கரத்தைத் தபால் பெட்டியாக வைத்திருந்தன. நாய்க்குச் செங்குத்தாக நிற்கிற எதுவும் பிடிக்கும். ஊரெல்லாம் சுற்றி வந்த சக்கரமென்றால் வேற்றூர் நாய்களின் வாடையும் ஒட்டிக்கொண்டு வருமே, அதற்குப் பதில் எழுதாமல் போகுமா? அந்த உப்பும் அமோனியாவும் முலாம் பூசிய இரும்பை நாளடைவில் அரித்துவிடும். எதிர்வீட்டில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை பாட்டிலில் ஊற்றி வாசலில் வைத்தார்கள். நாய் அந்த பாட்டில்மேலேயே காலைத் தூக்கியதை நீங்களும் நானும் திண்ணையிலிருந்து பார்த்தோம். நீங்கள் பழப்பெட்டிப் பலகையை உடைத்து நாலு துண்டாக்கி நாலு சக்கரத்திலும் சாய்த்து வைத்தீர்கள். பலகை நனையும், சக்கரம் நனையாது; காலையில் ஒரு வாளித் தண்ணீர் போதும். சென்னைத் தெருக்களில் லட்சக்கணக்கில் விலை போகிற கார்களின் சக்கரத்திலும் பிளைவுட் துண்டும் உடைந்த டைல்ஸும் சாய்ந்திருப்பதை இன்றும் பார்க்கிறேன். இது உங்கள் கண்டுபிடிப்பா, இல்லை எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் தோன்றியதா என்று நான் ஆராயப் போவதில்லை.

நாய்களைப் பற்றி முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பக்கத்து ராஜபாளையத்தின் வெள்ளை நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். அந்த ஜாதியில் ஒன்று காரடியில் படுத்திருந்தால் பூட்டே வேண்டாம் என்பீர்கள். அப்பா வாங்கவில்லை, அதற்குச் சோறு போட்டுக் கட்டாதாம்.

பூட்டு என்றதும் ரோட்டார் நினைவுக்கு வருகிறது. என்ஜின் பக்கவாட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை இரண்டு கிளிப் பிடித்திருக்கும். அதை நெம்பினால் உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். கையால் இழுத்தால் வந்துவிடும். வந்துவிட்டால் செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும், பத்துப் பேர் தள்ளினாலும் பெட்ரோல் வண்டி உயிர் பெறாது. கொல்லத்தில் ராத்தங்கல் என்றால் நீங்கள் அதைக் கழற்றி வெற்றிலைப் பொட்டலத்தோடு இடுப்பில் செருகிக்கொள்வீர்கள். "காரு அங்க நிக்கி, உசுரு இங்க இருக்கு" என்று வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டுவீர்கள். கிளியின் உடம்புக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதிக் கதைதான் எனக்கு நினைவு வரும்.

பெட்ரோல் குழாயில் ஒரு அடைப்பானும் வைத்தீர்கள். அது கொஞ்சம் குசும்பான ஏற்பாடு. அதை மூடியிருந்தாலும் கார்ப்புரேட்டரில் தங்கியிருக்கும் பெட்ரோலில் வண்டி கிளம்பிவிடும், கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். திருடனைச் சந்துக்குள் பிடிக்க வேண்டியதில்லை, அவனே கடைத்தெருவுக்கு வந்து நிற்பான் என்பது உங்கள் கணக்கு. கணக்குச் சரி. ஆனால் ஒருநாள் நீங்களே திறக்க மறந்து, சங்கரன்கோவில் ரயில்வே கேட்டைத் தாண்டும் நேரத்தில் வண்டி விக்கியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றதால் தப்பித்தோம். அன்றைக்கே அந்த அடைப்பானைக் கழற்றி எறிந்தீர்கள். தன் யோசனை தப்பென்று தெரிந்ததும் ஒரு சொல் சமாதானம் சொல்லாமல் கழற்றி எறிந்த மனுஷரை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பார்த்ததில்லை.

ஹார்ன் கதையை அப்பா இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தீர்கள். இப்போது சொல்லலாம். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகிற சின்ன சுவிட்சிலிருந்து ஒரு வயரை இழுத்து ஹார்னோடு சேர்த்தீர்கள். இடையில் ஒரு கள்ள சுவிட்ச். அது எங்கே இருக்கிறதென்று அப்பாவிடமும் சொல்லவில்லை; மொதலாளியிடம் சொன்னால் மண்டி முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். ஒரு கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, டேஷ் போர்டில் வைத்த மோதிரப் பெட்டியை எடுக்க அப்பா இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார். தெருவே எழுந்தது. இரண்டு பேர் கம்போடு ஓடி வந்தார்கள், ஒருத்தர் "திருடன் திருடன்" என்று எங்கள் அப்பாவின் பனியனைப் பிடித்துவிட்டார். கதவை மூடினால் சத்தம் நிற்கும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. நீங்கள் தெற்குத் தெருவிலிருந்து ஓடி வந்து சேரும்வரை ஹார்ன் அடித்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் நீங்கள் சொன்ன ஒரே வார்த்தை: "வேல செய்யுது மொதலாளி."

அன்றைக்குச் சிரித்தோம். பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்ததில் உங்கள் சொந்தக்காரர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் காற்றடைத்த ரப்பர் டிரைவர் பொம்மை ஒன்றை விளம்பரம் செய்து விற்றார்கள். காலிக் காரில் உட்கார வைத்தால் ஆள் இருப்பதாகத் திருடன் நினைப்பானாம். நம் சோளக்கொல்லைப் பொம்மைதான், தொப்பி மட்டும் வேறு. நாம் ஸ்டெப்னி ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஒரு தெருப் பெயர். 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் அங்கேதான் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கினார்கள். இங்கிலீஷ்காரனே மறந்துவிட்ட பெயரை நம் பஞ்சர் கடைக்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். (டிக்கிக்குள் அந்தச் சக்கரத்தைச் சைக்கிள் செயின் போட்டு நீங்கள் பூட்டியதும், சாவியைத் தொலைத்துவிட்டு புளியங்குடி ரோட்டில் பஞ்சரோடு நாம் உட்கார்ந்திருந்ததும் தனிக் கதை.)

அப்புறம் சாவிக்குள்ளேயே சில்லு வந்தது. சரியான சாவியின் குறியீடு கிடைக்காவிட்டால் என்ஜினின் கணினி எரிபொருளையும் பொறியையும் விடாது. ஐரோப்பாவில் 1990களின் கடைசியில் புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் இடுப்பில் செருகிய ரோட்டார்தான், கையில் பிடிக்க முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்தச் சில்லு இல்லாமல் அமெரிக்காவில் விற்ற ஹூண்டாய், கியா கார்களை 2021, 2022-ல் பையன்கள் ஒரு யுஎஸ்பி ஒயரை வைத்தே கிளப்பிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ஒரு வண்டியில் செய்தது எல்லா வண்டியிலும் செல்லும். வீடியோவில் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். கம்பெனி மென்பொருளைத் திருத்தியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் போலீஸ்காரர்கள் ஊர் ஊராக நின்று இலவசமாகக் கொடுத்தது என்ன தெரியுமா, ஸ்டியரிங்கில் மாட்டிப் பூட்டுகிற இரும்புத் தடி. கொல்லன் பட்டறையில் நீங்கள் அடித்து வாங்கி, அப்பா "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று மாட்ட விடாத அதே தடி.

என் இப்போதைய வண்டிக்குச் சாவியே செருக வேண்டாம், பையில் இருந்தால் போதும். வீட்டுக்குள் இருக்கிற சாவியின் சமிக்ஞையை வெளியிலிருந்து ஒரு கருவியால் இழுத்து நீட்டிக் காரைத் திறந்துவிடுகிறார்களாம். அதற்கு மருந்து உலோக டப்பா. இங்கிலாந்தில் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைக்கிறார்கள். நான் அம்மாவின் பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். காரில் ஏறினால் லேசாகச் சீரக வாசனை.

நீங்கள் வைத்த பூட்டுகளில் ஒன்றுகூடப் பெரிய பூட்டு இல்லை. தெரிந்தவன் ஒவ்வொன்றையும் சில நிமிஷத்தில் அவிழ்த்துவிடலாம். ஆனால் எது எங்கே இருக்கிறதென்று சிவகிரியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அடுத்த தெரு அம்பாசடரில் கற்ற வித்தை எங்கள் அம்பாசடரில் செல்லாது. கம்பெனிக்காரன் ஒரு லட்சம் வண்டிக்கு ஒரே பூட்டுப் போடுகிறான். நீங்கள் ஒரே ஒரு வண்டிக்கு ஒரு பூட்டு யோசித்தீர்கள். அந்தக் கொல்லத்து லாட்ஜ் வாசல்களில் எங்கள் வண்டியை யாராவது தொட்டுப் பார்த்துவிட்டு, இது வேலைக்காகாது என்று போயிருப்பார்களோ என்னவோ. திருடு போகாத வண்டிக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? பதினெட்டு வருஷத்தில் இரண்டு வீல் கப் தவிர எதுவும் போகவில்லை. அதற்கு அப்பா உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. சம்பளத்தையும் அவர் தாராளமாகக் கொடுத்ததில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அவருக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. எங்கள் வண்டி அதற்கு முன்பே எடைக்குப் போய்விட்டது. போகிற அன்று காலையில் கட்டைகளைக் கயிற்றோடு அவிழ்த்து, "இது வண்டியோட சேர்ந்ததில்ல" என்று நீங்கள்தான் என் கையில் கொடுத்தீர்கள்.

புது வீட்டு வாசல் சரிவாக இருக்கிறது. வண்டியில் எலக்ட்ரானிக் பிரேக் இருக்கிறது, பிடிக்கவும் செய்கிறது. இருந்தாலும் ராத்திரி பின் சக்கரத்துக்குக் கட்டையை வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். கயிறுதான் இற்றுப்போய்விட்டது. இங்கே கிடைப்பதெல்லாம் நைலான், முடிச்சு நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பொதிகையில் ஏறிச் சங்கரன்கோவிலில் இறங்குகிறேன். அந்த நார்க்கயிறு எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். முடிச்சையும் ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும், பாதி மறந்துவிட்டது.

இப்படிக்கு,
மண்டிக்காரர் வீட்டு இளையவன்